ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்

என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு சிகரெட் பாக்கெட் இருக்கிறது. பிரிக்காத பாக்கெட். அதைச் சுற்றிக் கம்பி கட்டி, கம்பியின் முனையில் ஈயக்குண்டை வைத்து நசுக்கி, வருடத்தோடு முத்திரை குத்தியிருக்கிறேன். தராசுகளுக்கும் பெட்ரோல் பம்புகளுக்கும் நான் குத்துகிற அதே முத்திரை. அரசாங்க முத்திரையைச் சொந்தக் காரியத்துக்குக் குத்துவது குற்றம் என்று எனக்குத் தெரியும். இருபத்துநான்கு வருடமாக எடையளவு ஆய்வாளராக இருப்பவனுக்கு இதுகூடவா தெரியாது? ஆனால் வேறு எந்தப் பூட்டையும் என் கை மதிக்காது. அதற்கு முன்னால் ஏழு தடவை சிகரெட்டை விட்டவன் நான். "உங்க நிறுத்தமெல்லாம் பஸ் ஸ்டாப் நிறுத்தம். ரெண்டு நிமிஷம் நின்னுட்டுக் கிளம்பிடும்" என்பாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள். சீட்டைப் பார்த்ததும் நோயாளி மறுபடி வருவானா மாட்டானா என்று சொல்லிவிடுவாள்.

எட்டாவது தடவை விட்டபோது கை சும்மா இருந்தது, கால்தான் மாட்டிக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடும். மேசை மேல் பெட்டிக்குள் இருக்கும் சோதனை எடைக்கற்கள் கிலுகிலுவென்று சத்தம் போடும். "சார், கல்லு தேஞ்சுடப் போகுது" என்று குமாஸ்தா பெட்டியைத் தன் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் தண்ணீர் தம்ளர் நடுங்கியது. படுத்தால் போர்வை ஆடியது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஒரு செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியவில்லை. யார் என்ன கேட்டாலும் சுள்ளென்று விழுந்தேன்.

வழி சொன்னவன் என் மச்சினன். மனைவியின் தம்பி, இரண்டு தெரு தள்ளி வீடு, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது தொழில். என் முழங்காலை ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

"காலு ஓடணும்னு கேக்குது மாமா. நீங்க அதைப் பிடிச்சுக் கட்டிப் போடறீங்க. அவுத்து விடுங்க."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்கா. நடுவில் குளம், குளத்தைச் சுற்றிக் கல் பதித்த பாதை. நாற்பத்தொன்பது வயதில், பழைய கேன்வாஸ் ஷூவோடு, முதல் நாள் இரண்டாவது பெஞ்சுவரை ஓடினேன். அங்கே உட்கார்ந்து இருமிய இருமலில் குளத்து வாத்துகள் எழுந்து போயின. மறுநாள் மூன்றாவது பெஞ்சு. அதற்கு மறுநாள் மறுபடி இரண்டாவது பெஞ்சு. மச்சினன் செருப்புக் காலோடு பக்கத்தில் நடந்தே வந்தான். என் ஓட்டம் அவ்வளவுதான்.

பத்து நாளில் எனக்கு வெறுத்துவிட்டது. "மாப்ள, ஒரு கிலோமீட்டர் நிக்காம ஓட முடியலைன்னா இதெல்லாம் எனக்கு ஒத்து வராது. பதினைஞ்சு நாள் பாப்பேன். அப்புறம் என்னைக் கூப்பிடாத" என்றேன். பதினான்காம் நாள் எப்படியோ ஒரு சுற்றை நிற்காமல் முடித்துவிட்டேன். ஆனால் அது ஒரு கிலோமீட்டரா?

"இருக்கும் மாமா" என்றான்.

"இருக்கும்ங்கறது அளவு இல்ல."

மறுநாள் காலை பூங்காச் சுவர் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. நகராட்சி வேலை. எழுத்து வேலை மச்சினனுடையது. வரிசையாக மூன்று வாசகம்: எச்சில் துப்பாதீர். குளத்தில் இறங்காதீர். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர். மூன்றாவது வாசகத்தின் முன்னால் மூச்சு வாங்க நின்று சிரித்தேன், வீட்டுக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். சிகரெட்டை விட்ட பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். நகராட்சி எழுதினதை நான் சந்தேகப்படவில்லை. அரசாங்கம் எழுதினதை அரசாங்க ஊழியன் நம்புவான், அது எங்கள் குல வழக்கம்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் சுற்றுகளை எண்ணினேன். இரண்டு, மூன்று, ஐந்து. எட்டாவது சுற்றை முடித்த அன்று ஊரையே வாங்கிவிட்டவன்போல வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரமே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு படியிறங்க முடியாமல் பக்கவாட்டில் இறங்கினேன். கால்கட்டைவிரல் நகம் கறுத்து ஒருநாள் சாக்ஸோடு வந்துவிட்டது. மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தபோது மாடிப்படியில் ஏறி இறங்கினேன். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "யாராவது துரத்தறாங்களா சார்?" என்று கேட்டார். ஓடவேண்டிய நாளில் போர்வைக்குள் நியாயம் பேசினேன். ஓய்வெடுக்க வேண்டிய நாளில் திருட்டுத்தனமாக ஓடிக் காய்ச்சலில் விழுந்தேன். ஓடினால் வலித்தது, ஓடாவிட்டால் முழங்கால் ஆடியது. நிம்மதி என்று ஒன்று இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ பத்து நிமிடம் இருந்தது, குளித்து முடித்தபின்.

பிறகு ஒருநாள் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் நான்கு மாதம். பயிற்சி அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

"அது என்ன ஓட்டம்?" என்றாள் மனைவி.

"அரை மாரத்தான்."

"அதுலயும் அரைதானா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்த வேகத்தில் ஒரு சபதமும் போட்டேன். இருபத்தொன்று புள்ளி ஒன்று கிலோமீட்டரை முழுசாக முடித்தால் அந்தப் பாக்கெட்டின் முத்திரை அப்படியே இருக்கும். முடிக்கவில்லை என்றால் நான் முடிக்கிற ஜாதி இல்லை என்று ஒப்புக்கொண்டு, கம்பியை வெட்டிப் பற்றவைத்துவிடுவேன். மனைவி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முட்டாள் சபதம்தான். ஆனால் அதற்குப் பிறகு போர்வைக்குள் நியாயம் பேசுவது நின்றுவிட்டது.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வேலைக்குச் சேர்ந்த மகள் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தாள். செயற்கைக்கோளைப் பார்த்து ஓடிய தூரத்தைச் சொல்லுமாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி பதினெட்டு கிலோமீட்டர். பதினெட்டுச் சுற்று ஓடினேன். இரண்டே கால் மணி நேரம். முடித்துவிட்டு ராஜாபோல மணிக்கட்டைத் திருப்பினேன். பதினைந்து புள்ளி இரண்டு ஆறு என்றது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை கேட்டிருக்கிறேன், என் கையிலேயே நடக்கும் என்று நினைக்கவில்லை. "உன் கடிகாரம் டூப்ளிகேட்" என்று மகளிடம் கத்தினேன். அவள் முகம் விழுந்தது. "அளந்து பாருங்கப்பா. அதுதானே உங்க வேலை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அளந்தேன். மறுநாள் விடிந்ததும் அலுவலகத்தின் முப்பது மீட்டர் எஃகு நாடாவோடு பூங்காவுக்குப் போனேன். மறுமுனையைப் பிடிக்க மச்சினனைக் கூப்பிட்டிருந்தேன். தேள் கொட்டிய திருடன்போல வந்து நின்றான். நாடாவைப் பிடித்தானே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. "இறுக்கிப் பிடிடா" என்றால் தளர்த்தினான். "இது எதுக்கு மாமா இப்போ, பந்தயம் முடியட்டுமே" என்றான். ஒவ்வொரு முப்பதுக்கும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனேன். இருபத்தெட்டு முழு நாடா வந்தது. அதற்கு மேல் எட்டு மீட்டர். எண்ணூற்று நாற்பத்தெட்டு.

"நகராட்சிக்காரன் குடுத்த வாசகத்தைக் காட்டு. எவன் கையெழுத்துப் போட்டான்னு பாக்கறேன்."

மச்சினன் நாடாவின் முனையைக் கீழே வைத்தான்.

"அவங்க ரெண்டு வாசகம்தான் குடுத்தாங்க மாமா."

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சுவரில் இருந்த மூன்றாவது வாசகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னிக்கு நீங்க விட்டுட்டுப் போறதா இருந்தீங்க. சுவத்துல இடம் இருந்துது. எழுதிட்டேன்."

முந்தின வாரம்தான் ஒரு ஆணிக் கடையில் தராசு இரண்டு கிராம் குறைவு என்று நோட்டீஸ் கொடுத்திருந்தேன். கடைக்காரர் எவ்வளவோ கெஞ்சினார். ஒரு கிராமானாலும் குறை குறைதான் என்று பிரசங்கம் செய்துவிட்டு வந்தேன். ஊருக்கெல்லாம் அளவு பார்க்கிறவனுக்கு அவன் மச்சினனே சுற்றுக்கு நூற்றைம்பத்திரண்டு மீட்டர் குறைத்து ஒன்பது மாதமாக ஊட்டியிருக்கிறான். நான் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நாடாவைச் சுருட்டிக்கொண்டு நேரே அலுவலகம் போனேன். யாரும் வந்திருக்கவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். சுற்றுக்கு ஏழரை நிமிடம். கிலோமீட்டருக்கு எட்டு ஐம்பத்தொன்று. இருபத்தொன்று புள்ளி ஒன்றுக்கு மூன்று மணி ஏழு நிமிடம். பந்தயத்தில் மூன்று மணி நேரம் ஆனதும் முடிவுக் கோட்டையே எடுத்துவிடுவார்கள்.

இழுப்பறையைத் திறந்தேன். பாக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். கம்பி வெட்டும் இடுக்கியையும் எடுத்தேன். கை நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இடுக்கியின் வாயைக் கம்பியில் வைத்தும்விட்டேன். ஈயக்குண்டில் என் கையால் குத்திய வருடம் தெரிந்தது. அந்த ஆணிக் கடைக்காரருக்குக்கூட நான் அன்றைக்கே தராசைப் பறித்துக்கொண்டு வரவில்லையே என்று நினைவு வந்தது. குறை கண்டால் முதலில் நோட்டீஸ், பிறகு சரிசெய்ய அவகாசம். அவருக்கு மூன்று வாரம் கொடுத்தேன். எனக்கும் மூன்று வாரம் என்று சொல்லி, பாக்கெட்டை உள்ளே தள்ளி இழுப்பறையைக் காலால் சாத்தினேன்.

அந்த மூன்று வாரமும் நான் மனுஷனாக இல்லை. பூங்காப் பக்கமே போகாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். கிலோமீட்டருக்கு இருபது வினாடி குறைய வேண்டும். ஒருநாள் குறைந்தது, மறுநாள் கூடியது. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். மச்சினன் வீட்டுக்கு வந்தால் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்றாவது தடவை அப்படிப் போய்விட்டுக் கதவைத் திறந்தபோது மனைவி கதவுக்கு எதிரே நின்றிருந்தாள்.

"போயிட்டான். வெளிய வாங்க. உங்களுக்கு நூத்தம்பது மீட்டர் குறைச்சான்னு அவன் மூஞ்சில முழிக்க மாட்டேங்கறீங்க. ஏழு தடவை விட்டுட்டேன்னு சொல்லி எனக்கு நீங்க குறைச்சது எவ்வளவு? நான் ஒரு நாளாவது குளியல் ரூமுக்குள்ள போய் உக்காந்தேனா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டான்."

"நீயும் சும்மா இருந்தியா?"

"புது மருந்து ஆரம்பிக்கறவனுக்கு எடுத்ததும் முழு டோஸ் குடுக்க மாட்டாங்க. உடம்பு தாங்காது, நிறுத்திடுவான். குறைச்சுக் குடுத்து, பழகினப்புறம் ஏத்துவாங்க." குளியலறை விளக்கை அணைத்தாள். "நீங்க சிரிச்சீங்க அன்னிக்கு. அதைப் பாத்துட்டு எனக்குச் சொல்ல மனசு வரல."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போய்விட்டேன்.

பந்தய நாள். ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றபோது என் முழங்கால் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. முதல் பத்து கிலோமீட்டர் கணக்குப்படி போனது. பதினைந்துவரை கணக்குப்படிதான் போனது. அதற்கு மேல் என் கால்கள் பார்த்திராத தூரம். சுற்றைக் கிலோமீட்டர் என்று ஒன்பது மாதம் நம்பிய உடம்புக்குப் பதினாறாவதில் உண்மை தெரிந்துவிட்டது. தொடை கல்லாகியது. கிலோமீட்டர் பலகைகள் ஒன்றுக்கொன்று தள்ளிப் போய் நின்றுகொண்டன. ஒவ்வொரு பலகையிலும் இதை எவன் அளந்தான் என்று மனசுக்குள் கத்தினேன். என்னைத் தாண்டிப் போன ஒருவர், "பாதிக்கு மேல வந்தாச்சு அண்ணே" என்று உற்சாகம் ஊட்டினார். அவரைக் கொல்லலாம்போல இருந்தது.

பத்தொன்பதில் பின்னால் உறுமல் கேட்டது. கடைசியில் விழுந்தவர்களை அள்ளிப் போகிற பஸ். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏறுங்க சார். உங்க பின்னால வந்து வந்து இஞ்சின் சூடாகுது."

"நீங்க போங்க."

"நான் உங்களுக்குப் பின்னாலதான் சார் போகணும். அதான் என் வேலை."

"அப்போ சூடாகட்டும்."

அவர் சிரித்துவிட்டு, கொஞ்ச தூரம் கூட வந்தார். மணிக்கட்டில் மூன்று மணி நேரம் ஆனபோது இன்னும் ஐந்நூறு மீட்டர் பாக்கி. போக்குவரத்தைத் திறந்துவிட்டார்கள். பஸ் என்னைத் தாண்டிப் போனது. நான் நடைபாதையில் ஏறினேன். அழுகை வந்தது. மூச்சுக்கே பற்றாத நேரத்தில் அழுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கடைசி வளைவில் மச்சினன் நின்றிருந்தான். நடைபாதைக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் அகலமாக ஒரு கோடு போட்டு, அதன் கீழே நிழல் வைத்த எழுத்தில் "21.1 முடிவு" என்று எழுதி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"இதான் மாமா கோடு! நில்லுங்க! முடிஞ்சிருச்சு!"

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நூற்றைம்பது மீட்டர் மிச்சம் இருந்தது. வளைவுக்கு அப்பால் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டிருப்பார்கள், அதை நான் பார்க்கக்கூடாது என்றுதான் இவன் இங்கே வந்து நிற்கிறான் என்று எனக்குப் புரிந்தது. என் காலுக்கும் புரிந்தது. அந்தக் கோட்டின் மேல் அப்படியே மடங்கி விழவேண்டும் என்று அது கெஞ்சியது. என் வாழ்நாளில் எதன் மேலும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை, சிகரெட் உட்பட.

அவன் கைக்குக் கீழே குனிந்து, கோட்டை மிதித்துத் தாண்டி ஓடினேன்.

"மாமா!" என்று செருப்பு படபடக்கப் பின்னால் ஓடி வந்தான். வளைவுக்கு அப்பால் முடிவுக் கோட்டின் மேல் நிறுத்தியிருந்த காற்றடித்த தோரணவாயில் காற்றிறங்கி ரோட்டில் கிடந்தது. ஒருவர் அதன் மேல் ஏறி நின்று மிச்சக் காற்றை மிதித்து வெளியேற்றிக்கொண்டிருந்தார். மூன்று மணி என்றால் மூன்று மணிதான், கறார் பேர்வழிகள், என் இனம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"கோடு எங்க இருந்துது?" என்றேன்.

அவர் காலால் காட்டினார். தார் ரோட்டில் ஒட்டுநாடாவைக் கிழித்த தடம் இருந்தது. கடிகாரத்தில் இருபத்தொன்று புள்ளி ஒன்று விழும்வரை ஓடி, அந்தத் தடத்தின் மேல் போய் நின்றேன். மூன்று மணி ஐந்து நிமிடம். பதக்கப் பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். முடித்தவர்கள் பட்டியலில் நான் இல்லை. ஆனால் பெட்ரோல் பம்பில் ஐந்து லிட்டர் எத்தனை நிமிடத்தில் விழுந்தது என்று நான் பார்ப்பதில்லை. ஐந்து லிட்டர் விழுந்ததா என்றுதான் பார்ப்பேன். விழுந்தது.

மச்சினன் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். "நூத்தம்பது மீட்டர்தானே மாமா" என்றான்.

"அதை நீ ஏற்கெனவே எனக்குக் குடுத்துட்டடா" என்றேன். அவன் தோளைப் பிடித்துக்கொள்ளாமல் என்னால் உட்காரவும் முடியவில்லை.

அடுத்த மாதம் பாக்கெட்டின் முத்திரைக்கு வருடம் முடிந்தது. முறைப்படி சோதித்தேன், கம்பி அறுபடவில்லை, ஈயம் நகரவில்லை. புது வருடத்தைக் குத்தினேன். இன்னும் ஒரு பாக்கி இருந்தது. சுவரில் பொய்யளவு இருப்பது தெரிந்தும் ஒரு ஆய்வாளர் சும்மா இருக்கக்கூடாது. மச்சினனைக் கூப்பிட்டு, "எண்ணூத்து நாப்பத்தெட்டு மீட்டர்னு திருத்தி எழுது" என்று உத்தரவு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயிண்ட் டப்பாவோடு வந்தான். நான் அளவு நாடாவோடு மேற்பார்வை. பிரஷ்ஷைத் தொட்டு எடுத்த நேரம், பாதையில் ஒரு மனிதர் வந்தார். என் வயதிருக்கும். புது ஷூ, சட்டையெல்லாம் வியர்வை. ஓடுகிறாரா தள்ளாடுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. சுவருக்கு நேரே வந்ததும் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார். அந்த இருமல் எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் போனபோது சிகரெட் வாடையும் அடித்தது, நான் அறியாத வாடையா.

அவர் தலையைத் தூக்கிச் சுவரைப் படித்தார். பிறகு என் கையில் இருந்த நாடாவைப் பார்த்தார்.

"சார், ஒரு சுத்து ஒரு கிலோமீட்டர்தானே? இன்னிக்குத்தான் முதல் தடவையா நிக்காம முடிச்சேன்."

மச்சினன் பிரஷ்ஷோடு என்னைப் பார்த்தான். பெயிண்ட் ஒரு சொட்டு கீழே விழுந்தது. இருபத்துநான்கு வருடத்தில் ஒரு கிராம் விட்டுக்கொடுத்ததில்லை நான்.

"ஒரு கிலோமீட்டர்தான்" என்றேன். "நாளைக்கும் வாங்க."

அவர் சிரித்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் போகும்வரை காத்திருந்துவிட்டு, மச்சினனிடம் டப்பாவை மூடச் சொன்னேன்.